அனுமதி கிடைத்ததும் இறங்கிவிடாதீர்கள்

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகும் விமானிகளுக்கு ஒரு குறிப்பு. 'அப்ரோச்சுக்கு அனுமதி', அதாவது ஓடுபாதையை நெருங்கித் தரையிறங்க வரலாம் என்று காதில் விழுந்ததும் கை தானாகவே விசையைக் குறைக்கப் போகும். பொறுங்கள். வரைபடத்தில் அச்சிட்ட பாதையில் விமானம் சேரும்வரை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கடைசியாகச் சொன்ன உயரத்தை விடக்கூடாது. சேர்ந்த பிறகும், அந்தந்தப் பகுதிக்கு அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச உயரமே எல்லை.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம் நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற பயணிகள் விமானம், அனுமதி பெற்றதும் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கியது. அந்த உயரம் ரவுண்ட் ஹில் என்ற புள்ளியைத் தாண்டிய பிறகுதான் பொருந்தும். அதற்கு முன்னே மலை. 92 பேரும் மாண்டார்கள்.

கடைசி உயரத்தைத் தொடைமேல் இருக்கும் தாளில் எழுதி வட்டமிடுங்கள். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டாளரிடம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.