காக்டெயில் கிளிக்குச் சீக்கு வந்தால்: முதலில் சூடு, அப்புறம்தான் தீனி

கடைக்காரர்கள் எல்லோரும் ‘காக்டெயில்’ என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஆஸ்திரேலியக் கிளி. எங்கள் வீட்டுச் சீனிக்குப் போன மார்கழியில் உடம்பு முடியாமல் போய், 45 நாள் மருந்து கொடுத்துத் தேற்றினோம். அதில் எங்கே சறுக்கினேன் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. லவ் பேர்ட்ஸுக்கும் பெரும்பாலும் இதே முறைதான், எடைக் கணக்கு மட்டும் மாறும். (பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. அடிபட்டுக் கிடந்து எடுத்து வந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.)

எப்போது வீட்டில் பார்க்கவே கூடாது

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, இழுப்பு, ரத்தம், பெண் பறவை கூண்டுத் தரையில் உட்கார்ந்து முக்குவது (முட்டை மாட்டியிருக்கும்). இதில் ஒன்று தெரிந்தாலும் பதிவை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். எல்லாக் கால்நடை டாக்டரும் பறவை பார்ப்பதில்லை, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். வீட்டு வைத்தியம் என்று நான் சொல்வதெல்லாம் டாக்டரிடம் போகும் வரைக்கும், போய் வந்த பிறகும் செய்ய வேண்டியது.

படி 1: எடை போடுங்கள்

பறவை நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்துக்கு இரை, அந்தப் புத்தி கூண்டிலும் போகாது. சீனி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குளிர் என்றுதான் நினைத்தேன். தீனிக் கிண்ணமும் நிறைய இருந்தது. மூன்றாம் நாள் வாயால் ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமி. அடியில் ஒரு பிடி தினைகூட இல்லை.

அதனால் கண்ணை நம்பாதீர்கள். மாவு நிறுக்கும் டிஜிட்டல் எடை மெஷின் போதும், ஒரு கிராம் வித்தியாசம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் டப்பாவை வைத்து சைபர் ஆக்கிவிட்டுப் பறவையை உள்ளே விடுங்கள். காலையில் முதல் பெரிய எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன்பு, தினமும் அதே நேரத்தில். சீனியின் வழக்கமான எடை 92 கிராம், அன்று 81. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எடை தெரியாதவர்கள் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை வற்றி எலும்பு கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டால் பறவை பல நாளாகவே சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

படி 2: சூடு (நான் இரண்டு தடவை கோட்டை விட்ட இடம்)

கிளியின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். நோயில் படுத்த பறவைக்குச் சாப்பாடும் குறைவு, அந்தச் சூட்டைக் காப்பாற்றவே இருக்கிற தெம்பு தீர்ந்துவிடும். உடம்பு குளிர்ந்த பறவைக்கு ஊட்டினால் செரிக்காது, தீனிப்பையிலேயே (கழுத்தடியில் தின்றது தங்கும் பை) கிடந்து புளிக்கும். ஆகவே சூடுதான் முதல் மருந்து.

சின்னக் கூண்டு ஒன்றை எடுத்து மூன்று பக்கமும் கனமான துண்டால் மூடுங்கள். ஒரு ஓரத்தில், கூண்டுக்கு வெளியே பல்பு. மறு ஓரம் சற்றுக் குளிராக இருக்கட்டும், வேண்டாமென்றால் பறவையே தள்ளிப் போகும். துணி பல்பில் படவே கூடாது. உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், காற்று வறளாமல் இருக்க. 29 முதல் 31 டிகிரி வரை இருந்தால் சரி.

முதல் ராத்திரி நான் போட்டது எல்இடி பல்பு. வெளிச்சம் ஜோராக வந்தது, சூடு மட்டும் வரவில்லை! எல்லோர் வீட்டிலும் இப்போது எல்இடிதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பழைய குண்டு பல்பு, 40 வாட்ஸ், எலெக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்குங்கள். அதைவிட வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டர் மேல். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூக்கம் வேண்டும், கண்ணில் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படித் தேறும்?

இரண்டாம் ராத்திரித் தப்பு இன்னும் மோசம். தெர்மாமீட்டரின் வயர் முனையைக் கூண்டின் கூரையில் செருகிவிட்டேன். அது 30 காட்டியது, நானும் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் முனையைச் சீனி உட்கார்ந்திருந்த தரைக்கு இறக்கினால் 25! சூடான காற்று மேலே ஏறிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வரவில்லை. முனை பறவையின் உயரத்தில் இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் வயர் தெர்மாமீட்டர் இதற்குப் போதும்.

அதிகமானாலும் தெரியும்: இறகு உடம்போடு ஒட்டி, சிறகை விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். உடனே பல்பைத் தள்ளி வையுங்கள்.

படி 3: கூண்டு

குச்சியைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். கிண்ணங்கள் அதன் பக்கத்திலேயே. மணலை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரியுங்கள். காலையில் மாற்றும்போது எச்சத்தைப் பாருங்கள். பச்சைப் புழு மாதிரி ஒரு பகுதி, வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பகுதி, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். இதுதான் சரியான எச்சம். அடர்பச்சையில் பசை மாதிரி துளியாக வந்தால் வயிறு காலி. சீனிக்கு அந்த வெள்ளைப் பகுதியே எலுமிச்சைப் பச்சையாக இருந்தது. அதை போட்டோ எடுத்துக் காட்டியதும்தான் டாக்டர் சிட்டகோசிஸ் (கிளிக் காய்ச்சல் என்கிற பாக்டீரியா நோய்) சந்தேகத்தைச் சொன்னார். அது மனிதருக்கும் தொற்றும். மாஸ்க் போட்டு, எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே துடையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால் கிளி இருப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றப் பறவைகள் வேறு அறையில் இருக்கட்டும்.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் ஆவி கிளியைக் கொன்றே போடும்.

படி 4: தீனி

பறவை சூடான பிறகு, தானாகச் சாப்பிடுகிறதா பாருங்கள். தினைக்கதிரை முகத்துக்கு நேராகத் தொங்கவிடுங்கள். சீனி முதலில் வாய் வைத்தது அதில்தான். வேகவைத்த சோளம், முட்டை கொஞ்சம் வைக்கலாம், மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

எங்கள் அம்மாயி விடவில்லை. “கோழிக்குச் சீக்கு வந்தா சின்ன வெங்காயத்த அரிஞ்சு போடுவோம், சரியாப் போயிரும் கண்ணு, இதுக்கு மட்டும் என்ன?” வெங்காயம், பூண்டு, பால், அவகாடோ, சாக்லேட் கிளிக்கு ஆகாது. அம்மாயி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊட்டுமாவை (வெந்நீரில் கரைத்துச் சிரிஞ்சால் ஊட்டும் மாவு) டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள், அவர் முன்னால் ஒரு தடவை செய்து பழகிய பிறகு. 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தீனிப்பை வெந்துவிடும், குறைந்தால் பறவை துப்பும். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும். சோர்ந்து தலை தொங்கும் பறவையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

படி 5: மருந்து

பறவைக் கடையில் விற்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். நோயுள்ள பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது. காக்டெயிலோ வறண்ட நிலத்துப் பறவை, ருசி மாறினால் தொடாமலே இருந்துவிடும். உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்? மருந்து நேராக வாய்க்குத்தான்.

சின்னத் துண்டால் முதுகுப் பக்கமிருந்து சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் தாடைக்கு இரண்டு பக்கமும், நெஞ்சில் அழுத்தமே கூடாது. நமக்கிருக்கும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் வாய் திறந்திருந்தாலும் மூச்சு முட்டிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சைப் பறவையின் இடது கடைவாயில் வைத்து வலது பக்கம் நோக்கிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. முதல் வாரம் பாதி என் சட்டையில்.

எங்களுக்குக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின். அது ஓடும் வரை கூண்டில் கடல்நுரை (கணவாய் ஓடு) தொங்கவிடக் கூடாது, சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பத்தாம் நாளே சீனி கத்த ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிடலாமா என்று ஆசைதான், நிறுத்தவில்லை.

படி 6: சூட்டைக் குறைப்பது

எடை நான்கைந்து நாள் ஏறுமுகமாக இருந்த பிறகு, நாளுக்கு ஒரு டிகிரி. மறுபடி சிலிர்த்தால் முந்தின நாள் சூட்டுக்கே திரும்புங்கள்.

பின்சேர்க்கை 1: கரண்ட் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஓரத்தில் சாத்தி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஆறிய பை பறவையின் சூட்டையே உறிஞ்சும்.

பின்சேர்க்கை 2: இது எனக்கே தோன்றாதது. ஒருவர் 0.05 மில்லி மருந்துக்கு இன்சுலின் சிரிஞ்சில் 5 என்ற கோடு வரை எடுத்திருக்கிறார். நம் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 40 கோடு, 100 அல்ல. அவர் கொடுத்தது 0.125 மில்லி, இரண்டரை மடங்கு. நல்லவேளை, இரண்டே வேளையில் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். மெடிக்கலில் ‘டியூபர்குலின் சிரிஞ்ச், ஒரு மில்லி’ என்று கேளுங்கள். அதில் 0.01 மில்லி கோடுகள் இருக்கும், ஊசியும் கழன்று வரும். வாங்கி வந்ததும் டாக்டரிடம் காட்டி, எந்தக் கோடு வரை என்று பேனாவால் அதிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: சீனி இப்போது 93 கிராம். தெர்மாமீட்டர் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. உங்கள் பறவை தேறத் தொடங்கியதும் வயரைக் கூண்டுக்கு வெளிப்பக்கமாக மாற்றிவிடுங்கள், பல்பு வயரையும் சேர்த்து.