லெமன் குக்கி பார்: பிழிவதற்கு முன் தோலைச் சீவுங்கள்

லெமன் குக்கி பார் என்பது எலுமிச்சை சேர்த்த குக்கி மாவை டின்னில் பரப்பி பேக் செய்து, மேலே ஃப்ராஸ்டிங் தடவித் துண்டுகளாக வெட்டுவது. புதிதாக பேக்கிங் பழகுகிறவர்கள் செய்ததை ருசி பார்க்கச் சொல்லி யாராவது நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். மேலே ஃப்ராஸ்டிங் (வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்த பூச்சு) அழகாக இருக்கும், கடித்தால் அடிப்பாகம் ரப்பர் மாதிரி இழுக்கும், புளிப்பு தெரியும், ஆனால் எலுமிச்சை வாசனையைத் தேட வேண்டும். நானும் இதே வழியாக வந்தவள் என்பதால் எங்கே பிசகியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. ஓவனைச் சூடாக்காமல் டின்னை வைப்பது, உப்பு போட மறப்பது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நடந்தால் தானாகத் திருந்திவிடுகிற தப்புகள் அவை. திருந்தாதவைதான் கீழே.

நான் சொல்வது எட்டு அங்குல சதுர டின்னுக்கான கணக்கு: வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 150 கிராம், ஒரு முட்டை, மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை மூன்றின் தோல், சாறு ஒரே ஒரு டேபிள்ஸ்பூன்.

வாசனைக்காகச் சாற்றைக் கூட்டுவது

அந்த ஒரு டேபிள்ஸ்பூன் சாற்றைப் பார்த்ததும் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. "அக்கா, இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு பழம் பிழியட்டுமா?" என்று கேட்காதவர்களே கிடையாது. கேட்டால்கூடப் பரவாயில்லை, தடுத்துவிடலாம். கேட்காமல் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

எலுமிச்சையின் மணம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. தோலின் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை எண்ணெய்ப் பைகள். பழத்தை நகத்தால் கீறினால் விரலில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் சீக்கிரம் போகாத வாசனை அந்த எண்ணெயுடையது. சாறு என்பது பெரும்பகுதி தண்ணீர், அதோடு சிட்ரிக் அமிலம். அது புளிப்பைத் தரும். அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச மணமும் ஓவன் சூட்டில் பறந்துவிடும். நான்கு பழம் பிழிந்தாலும் மாவில் கூடுவது புளிப்பும் ஈரமும்தான்.

அந்த ஈரம் என்ன செய்யும் என்று பாருங்கள். மாவு தளர்கிறது, தளர்ந்ததைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் மைதா போடுவோம், மறுபடி கிண்டுவோம். தண்ணீரும் கிண்டலும் சேர்ந்தால் மைதாவில் பசைத்தன்மை ஏறிவிடும், குக்கிக்குரிய உதிர்வு போய்விடும். இன்னொரு பக்கம், புளிப்பு கூடினால் மாவு லேசில் சிவக்காது. மேலே வெளுப்பாகவே இருப்பதைப் பார்த்து இன்னும் வேகவில்லை என்று பத்து நிமிடம் கூட வைப்பார்கள், உள்ளே காய்ந்து போகும். ஒரு கரண்டி சாற்றில் ஆரம்பித்தது இத்தனை தூரம் போகிறது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி தெருவில் ஒரு பிறந்தநாளுக்காகப் பெரிய ட்ரே போட ஒத்துக்கொண்டாள். வாசனை வரவில்லை என்று சாற்றை ஊற்றியிருக்கிறாள், அப்புறமும் வரவில்லை என்று லெமன் எஸன்ஸை ஊற்றியிருக்கிறாள். எஸன்ஸ் சொட்டுக் கணக்கு தாண்டினால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனைதான் வரும். குழந்தைகள் ஒரு கடியோடு தட்டில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். அரைக் கிலோ வெண்ணெய் போயிற்று. அவள் பிழிந்துவிட்டுக் குப்பையில் போட்டிருந்த எலுமிச்சை மூடிகளைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவள் தேடிய வாசனை முழுக்க அந்தக் குப்பைக்கூடையில் கிடந்தது!

செய்ய வேண்டியது இதுதான். நன்றாகப் பழுத்த மஞ்சள் பழமாக எடுங்கள். வெளிநாட்டுப் பெரிய லெமன் என்றால் மேலே மெழுகு பூசியிருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். *பழத்தை வெட்டுவதற்கு முன்னால்* சீவுங்கள். வெட்டிய மூடியைத் துருவியில் தேய்த்தால் சாறு கையெல்லாம் வழியும், தோல் வராது. நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெலிசு, பொடித் துளையுள்ள துருவியில் ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் போகக் கூடாது. மஞ்சள் போய் வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிடுங்கள், அந்த வெள்ளை கசக்கும். மிக்ஸியில் தோலை அரைக்கலாமா என்று கேட்காதீர்கள், வெள்ளையும் சேர்ந்துதான் அரைபடும்.

சீவியதை மாவில் போடாமல் சர்க்கரையில் போட்டு, விரல் நுனியால் இரண்டு நிமிடம் பிசறுங்கள். சர்க்கரைப் பரல் உரசி எண்ணெயை வெளியே இழுக்கும். சர்க்கரை லேசாக மஞ்சளடித்து, ஈரப்பதமாகி, விரலில் ஒட்ட ஆரம்பிக்கும். சமையலறை முழுக்க மணக்கும். அதன் பிறகுதான் வெண்ணெய்.

ஃப்ராஸ்டிங்கில் சாறு வேண்டும், அது வேறு கதை. அங்கே சூடு படப்போவதில்லை, அவ்வளவு சர்க்கரையின் தித்திப்பை வெட்டப் புளிப்பும் தேவை. 85 கிராம் வெண்ணெய்க்கு 180 கிராம் ஐசிங் சுகர் (மாவு போலப் பொடித்த சர்க்கரை) என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் சாறு, அதையும் அரை அரை ஸ்பூனாக விட்டு அடிக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் திரிந்தாற்போல் பிரிந்துவிடும். பிரிந்துவிட்டால் பதறி இன்னும் சர்க்கரையைக் கொட்டாதீர்கள். கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

வெண்ணெயை வெளியே வைத்துவிட்டு மறந்துபோவது

"அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்று குறிப்புகளில் போட்டிருப்பது குளிர் ஊர் அறையை மனதில் வைத்து எழுதியது. சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்று நிற்க வேண்டுமென்றால் வெண்ணெய் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மே மாதச் சென்னைச் சமையலறையில் அது வெண்ணெயே அல்ல, கிட்டத்தட்ட எண்ணெய். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் பளபளவென்று நெய்யாகக் கூடாது. வெயில் நாளில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்தால் பத்து நிமிடம் போதும்.

உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் தாராளமாகப் போடுங்கள், தனி உப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஃப்ராஸ்டிங்குக்கு மட்டும் உப்பில்லாதது.

நடுப்பகுதி மெத்தென்று இருக்கிறதே என்று திரும்ப உள்ளே தள்ளுவது

175 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்டி, நடுவில் பளபளப்பு மட்டும் அடங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவில் குத்திப் பார்த்தால் குச்சியில் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்டலாம், பச்சை மாவு ஒட்டக் கூடாது. சூடான டின்னிலேயே மிச்சம் வெந்துவிடும். கேக் பதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம், நம்பித்தான் ஆக வேண்டும்.

மிக்ஸியில் பொடித்த சர்க்கரையை அப்படியே போடுவது

கடை ஐசிங் சுகரில் சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) கலந்திருக்கும். வீட்டில் பொடித்தால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு சேர்த்து அரைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். இல்லாவிட்டால் ஃப்ராஸ்டிங் பல்லில் நறநறக்கும்.

சூட்டோடு ஃப்ராஸ்டிங் தடவுவது

உருகும். டின்னின் அடி கையில் குளிர்ந்து தெரியும்வரை தொடாதீர்கள்.

பட்டர் பேப்பர் விரிக்காமல் மாவைக் கொட்டுவது

வேண்டாம். இரண்டு பக்கமும் பேப்பர் நீட்டிக்கொண்டிருந்தால் முழுசாகத் தூக்கி வெளியே எடுக்கலாம்.

உடனே வெட்டுவது

ஃப்ராஸ்டிங் தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து வெட்டுங்கள். மிச்சம் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கட்டும், பக்கத்தில் வெட்டிய வெங்காயம் இருக்கக் கூடாது, வெண்ணெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சாப்பிட கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.