அவசர உதவித்தொகை: எந்தப் பெண்ணுக்கு முதலில்?

வெள்ளம் வடிந்த வாரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களுக்கு அதன் கையிருப்பு ஒருபோதும் போதாது. அந்நிலையில் யார் அதிகம் துன்பப்பட்டார் என்று அளக்க முற்படாமல், இந்த வாரம் பணம் கிடைக்காவிட்டால் யாருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரும் என்று பார்ப்பதே முறை. அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறியவர், பிரசவ நாள் நெருங்கியவர், இன்சுலின் தீர்ந்துபோனவர் ஆகியோருக்கு அன்றைக்கே பணம் போய்ச் சேர வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர் அடுத்து. தையல் இயந்திரத்தையோ இட்லிக் கடைப் பாத்திரங்களையோ இழந்தவர் அதற்கும் அடுத்து.

அரசு நிவாரணம் எவரைச் சென்றடையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த 6,000 ரூபாய், ரேஷன் கடைகள் வழியாகக் குடும்ப அட்டைக்கே வழங்கப்பட்டது. கணவரைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையிலேயே இருந்தால், அவருடைய பங்கு அங்கேயே நின்றுவிடும். ஆகவே வருமானச் சான்றிதழ் கேட்பதற்கு முன், “உங்கள் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது, அந்த அட்டை யாரிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். என் பார்வையில், விண்ணப்பப் படிவத்தில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை.

ஆவணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ சொல்வதே போதிய உறுதிப்பாடு. குடும்ப வன்முறை என்றால் மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவே கூடாது, ஏனெனில் அந்த விசாரிப்பே அந்தப் பெண் தங்கியிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் சொல்வதை ஏற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பெண்களுக்கான 181 உதவி எண்ணுடனும், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துடனும் அவர் விரும்பினால் தொடர்புபடுத்துங்கள்.

பணத்தை அனுப்புவதற்கு முன், வங்கியின் குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்குப் போகிறது என்றும், அந்தக் கணக்கிலிருந்து கடன் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி வேறொருவருக்குப் போனாலோ தவணை பிடிக்கப்பட்டாலோ, ரொக்கமாகக் கொடுத்து ரசீது பெறுவதோ, மருந்துக்கடைக்கோ வீட்டு உரிமையாளருக்கோ நேரடியாகச் செலுத்துவதோ நல்லது.

நிதியில் மூன்றில் ஒரு பங்கையாவது இரண்டாம் வாரத்துக்கென ஒதுக்கி வையுங்கள். கேட்கவே கூச்சப்படுபவர்களும், உதவி கிடைக்கும் என்ற செய்தியே எட்டாதவர்களும் அப்போதுதான் வருவார்கள். கொடுக்க இயலாதவர்களிடம் அதற்கான காரணத்தை அன்றைக்கே சொல்லி, அவர்கள் அடுத்து அணுக வேண்டிய அலுவலகத்தையும் எழுதிக் கொடுங்கள்.