பழைய புல்லட்: வீட்டில் இன்ஜின் வேலை முடித்த பின் முதல் 500 கி.மீ.

காஸ்ட் அயர்ன் புல்லட் 350-க்குப் புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, சிலிண்டரை போர் செய்து (உட்புறத்தைக் கடைந்து) மாட்டியாயிற்றா? முதலில் ஆயில் ஓட்டத்தைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ராக்கருக்கு (ஹெட்டில் வால்வைத் திறக்கும் கை) போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். சிறிது நேரத்தில் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பலரும் செய்கிற தவறு, புது இன்ஜினை ஸ்டாண்டில் வைத்து ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடுவது. தயவுசெய்து வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜின் நின்ற இடத்தில் சூடேறும். அதைவிட முக்கியம், ரிங் சிலிண்டர் சுவரோடு படிய உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம் வேண்டும். ஐடிலில் அது கிடைக்காது. ஹோனிங் கோடுகள் (சிலிண்டர் சுவரில் போடும் மெல்லிய கீறல்கள்) புதிதாக இருக்கும் ஆரம்ப நாட்களில் ரிங் படியாவிட்டால், பிறகு ஆயில் குடிப்பதை நிறுத்துவது கஷ்டம். அதனால் சாலையில் ஓட்டுங்கள். மூன்றாம், நான்காம் கியரில் மிதமாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, அப்புறம் மூடி வேகம் குறையவிடுங்கள். இப்படி மாற்றி மாற்றி. மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம், ஒரே வேகத்திலும் நீண்ட நேரம் வேண்டாம். மேட்டில் டாப் கியரில் திணறவிடுவது வேகத்தைவிடக் கெடுதல்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பின் முழுவதும் ஆறவிட்டு ஹெட் நட்டுகளை மறுபடி டைட் செய்யுங்கள். டாப்பெட் இடைவெளியையும் ஆறிய நிலையிலேயே பாருங்கள்: புஷ்ராடு (ராக்கரைத் தள்ளும் கம்பி) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த முதல் 500 கி.மீ.க்கு மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் வேண்டாம். 500 கி.மீ. ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.