பழைய போனி கதைப் புத்தகம் சேர்க்கணுமா? இங்கேர்ந்து ஆரம்பிங்க

இங்கிலாந்துல 1930-லேர்ந்து 1960-கள் வரைக்கும் பசங்களுக்குன்னு, முக்கியமா பொண்ணுங்களுக்குன்னு, போனி (சின்ன ரகக் குதிரை) கதைங்க வண்டி வண்டியா வந்துச்சு. பொண்ணுக்கு குதிரை ஆசை, வீட்ல காசு கிடையாது, எப்படியோ ஒரு வத்தலான போனி கைக்கு வருது, கடைசில ஜிம்கானாங்கற குதிரையேற்றப் போட்டியில ரிப்பன் ஜெயிக்குது, முக்காவாசி கதை இவ்ளோதான், ஆனா எடுத்தா முடிக்காம வைக்க மனசு வராது.

ஸ்டெப் 1: எதைச் சேர்க்கறதுன்னு முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் வாங்கக் கிளம்பினா வீடு தாங்காது. என்னைக் கேட்டா ரூபி ஃபெர்குசனோட ஜில் சீரிஸ்தான். 1949-ல 'ஜில்ஸ் ஜிம்கானா'ன்னு ஆரம்பிச்சு மொத்தமே 9 புத்தகம், முடிக்கக்கூடிய கணக்கு, அந்த ஜில்லுக்கு வாய்த்துடுக்கும் ஜாஸ்தி. கூடவே ஜோனா கேனனோட 'எ போனி ஃபார் ஜீன்' (1936) ஒண்ணு வச்சுக்கோங்க. 1877-ல வந்த 'பிளாக் பியூட்டி' மாதிரி குதிரையே தன் கதையைச் சொல்றதுதான் அதுவரைக்கும் ரொம்ப நடந்துச்சு, இந்தம்மா குதிரை மேல உக்காந்திருக்கற பொண்ணு பக்கம் கதையைத் திருப்பினாங்க. அவங்க பொண்ணுங்க மூணு பேரும், அதாவது புல்லைன்-தாம்ப்சன் சகோதரிகள், எழுதித் தள்ளினவங்க, இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க, முடிவே இருக்காது.

ஸ்டெப் 2: முழுக் கதையா, வெட்டினதான்னு பாருங்க

60-கள்லேர்ந்து ஆர்மடாங்கற பதிப்பகம் போட்ட பேப்பர்பேக் சல்லிசா கிடைக்கும், அட்டையும் கலர்ஃபுல்லா இருக்கும், ஆனா சில டைட்டில்ல கதையைச் சுருக்கியிருப்பாங்க. ஹார்ட்பேக்ல (கெட்டி அட்டைப் பதிப்பு) எத்தனை அத்தியாயம்னு விக்கறவங்ககிட்ட கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க. மத்த குறையோட வாழலாம், பாதிக் கதையை குழந்தை கையில குடுக்கறதுல எனக்கு சம்மதமில்ல.

ஸ்டெப் 3: கையில எடுத்து சோதிங்க

டைட்டில் பக்கத்தைத் திருப்பினா பின்னாடி எந்த வருஷம், எத்தனாவது அச்சுன்னு போட்டிருக்கும். அப்புறம் அட்டை மேல சுத்தியிருக்கற பேப்பர் ஜாக்கெட்டோட உள்மடிப்பு. மூலையில 7/6-னு இருந்தா 7 ஷில்லிங் 6 பென்ஸ், அப்போ அது 1971-ல காசு முறை மாறுறதுக்கு முன்னாடி வந்தது. அந்த மூலையை முக்கோணமா வெட்டியிருந்தா பதறாதீங்க, பரிசு குடுத்தவங்க விலையை மறைச்சிருப்பாங்க, ஆனா பேரம் பேச அது ஒரு காரணம். விலையே இல்லாம சில்ட்ரன்ஸ் புக் கிளப்னு போட்டிருந்தா மறுபதிப்பு, படிக்க ஓகே, முதல் பதிப்பு விலை குடுக்காதீங்க. 1940-கள் புத்தகத்துல பேப்பர் மெலிசா பழுப்பா இருக்கும், யுத்தகால பேப்பர் ரேஷன், அது டேமேஜ் இல்ல. உள்ள இருக்கற படங்களோட பட்டியல் போட்டிருந்தா ஒவ்வொரு படமும் இருக்கான்னு எண்ணுங்க, குதிரைப் படத்தைக் கிழிச்சு சுவத்துல ஒட்டின பசங்க எல்லா ஊர்லயும் உண்டு. கடைசியா மூக்குகிட்ட கொண்டுபோங்க. பூஞ்சை வாடை வந்தா அங்கயே வச்சுட்டு வாங்க, ஒண்ணு வந்தா அலமாரிக்கே பரவும்.

ஸ்டெப் 4: வாங்குங்க

நேர்ல போக முடிஞ்சா வேல்ஸ் எல்லையில ஹே-ஆன்-வை, ஊரே பழைய புத்தகக் கடைதான். இங்கிலாந்து வடக்கே ஆனிக்ல பழைய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள பார்ட்டர் புக்ஸ்னு ஒரு கடை. ஆன்லைன்னா ஏப்புக்ஸ் (AbeBooks), ஈபே. அட்டை போட்டோவை மட்டும் நம்பாதீங்க, டைட்டில் பக்கம், அதுக்குப் பின்பக்கம், ஜாக்கெட் மடிப்பு மூணையும் அனுப்பச் சொல்லுங்க. வெளிநாட்டுக்குன்னா தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிடும், ஒரே ஆள்கிட்ட நாலஞ்சா சேர்த்து வாங்குங்க.

ஸ்டெப் 5: பராமரிப்பு

ஜாக்கெட் கிழிஞ்சிருந்தா செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, மஞ்சளாகி பேப்பரையே தின்னுடும். தெளிவான பாலியெஸ்டர் உறை போதும்.

பசங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க புரட்டிடுங்க, நரி வேட்டையை ஜாலியா எழுதியிருப்பாங்க, வேலைக்காரங்களைப் பேசற விதமும் சில இடத்துல உறுத்தும். விலையுள்ள காப்பியை நீங்க வச்சுக்கிட்டு அவங்களுக்கு மறுபதிப்பு வாங்கிக் குடுங்க, ஜேன் பேட்ஜர் புக்ஸ், கேர்ள்ஸ் கான் பை ரெண்டு பேரும் இந்த மாதிரி பழசைத் திரும்பப் போடறவங்க, அதுல சாம்பார் கொட்டினாலும் கவலை இல்ல.