வன்னியில் இருந்துகொண்டு உளவளத்துணையாளராகப் படிக்க: தொடங்குபவருக்கான வழி

உயர்தரம் முடித்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அக்கா, கவுன்சிலிங் படிக்க எங்க போகவேணும்?” போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே முறையாக எழுதுகிறேன்.

படி 1: எந்த வேலை என்று பிரித்தறியுங்கள்

மனநல வைத்தியர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதுவது அவருடைய வேலை. மருத்துவ உளவியலாளராவதற்கு உளவியல் பட்டத்துக்கு மேல் பட்டப்பின் படிப்பும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முதுதத்துவமாணி (எம்.ஃபில்) கற்கை இருக்கிறது. உளவளத்துணையாளர் மருந்து கொடுப்பதில்லை. வந்தவர் தன் வாயால் சொல்லி, தானே ஒரு வழியைக் கண்டுகொள்ளும் வரை கூட இருப்பவர் அவர். பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இந்த வகை. ஒரு நாள் அவர்களில் ஒருவரிடம் போய், வேலை எப்படி என்று கேளுங்கள்.

படி 2: சேரும் இடம்

அரச பல்கலைக்கழகத்துக்கு உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடச் சித்தியும் இசட் புள்ளியும் வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை வரிவரியாக வாசியுங்கள். கூட்டாளி தெரிவு செய்ததைப் பார்த்து எழுதிவிட்டுப் பிறகு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியல் படிக்கலாம். வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் அது பயன்பாட்டு விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்களுடன் தொடங்கியது. உளவியல் படிக்க வவுனியாவை விட்டு வெளியே போகத்தான் வேண்டும்.

இடம் கிடைக்காதவர்கள், வேலை செய்துகொண்டு படிக்க நினைப்பவர்கள், பிள்ளை வளர்க்கும் தாய்மார் எல்லோரும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். கட்டணம் உண்டு. உயர்தரம் இல்லாதவர்களுக்கு அடிப்படைக் கற்கையும் அங்கே இருக்கிறது. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணி இளமாணிப் பட்டம் வழங்குகிறது. சமூகப்பணியும் இந்த வேலைக்கு நல்ல வாசல்தான்.

படி 3: சான்றிதழை அளந்து பாருங்கள்

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் டிப்ளோமா 3ஆம் மட்டம், பொது இளமாணிப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்), பெரும்பாலும் நான்கு வருடம். பணம் கட்ட முன்னர் “இது எத்தனையாம் மட்டம்?” என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாத வகுப்பு முடித்து சான்றிதழோடு வந்தபோது நானும் என்னை உளவளத்துணையாளர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் படிப்பித்த இடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பியது. அந்த நம்பிக்கையோடு ஒரு தாய் முன்னால் போய் இருந்தது பெரிய பிழை.

படி 4: கேட்கப் பழகுங்கள்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியதை முதல் வருடத்திலேயே படிப்பீர்கள். பரிவுணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல். பரீட்சைக்கு எழுத இது சுகம், செய்யத்தான் கஷ்டம். மூன்று பேராகச் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் உண்மையான சின்னக் கவலை ஒன்றைச் சொல்லட்டும், மற்றவர் கேட்கட்டும், மூன்றாமவர் பார்த்திருக்கட்டும். பதினைந்து நிமிடம் போதும். “யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்” என்று கேட்பவர் சொன்ன இடத்தை மூன்றாமவர் குறித்துவைக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், அந்த இடத்தோடு சொல்பவரின் பேச்சு நின்றுவிடும்.

பாடநூல்களும் ஆய்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தினமும் ஒரு பக்கம் என்றாலும் ஆங்கிலம் வாசியுங்கள். கூடவே ஒரு கொப்பி வைத்து, எங்கள் சனம் வருத்தத்தைச் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள். “ஒரே யோசனையாக் கிடக்கு.” “நெஞ்சுக்குள்ள எரியுது.” “பெருமூச்சு வருது.” கிளினிக்குக்குத் தலையிடி என்று வரும் அம்மாவிடம் மனச்சோர்வு என்ற சொல் இருக்காது, பெருமூச்சு இருக்கும். அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

படி 5: களப்பயிற்சி

இதில்தான் நிறையக் கவனம் வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. இதைப் பவுலின் பொஸ் என்ற ஆய்வாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டுப் படித்தார். பாடத்தில் வரும்.

ஆனால் பாடத்தில் வராத ஒன்றை நான் சொல்கிறேன்: வினைச்சொல்லைக் கவனியுங்கள். அப்படி மகனைத் தேடும் ஒரு அம்மாவிடம் “மகன் என்ன செய்தவர்?” என்று நான் கேட்டேன். அந்த அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “அவன் இடியப்பம் எண்டால் நல்லாச் சாப்பிடுவான், தங்கச்சி” என்றார். என்னுடைய ‘செய்தவர்’ அவருடைய பிள்ளையை இறந்தவனாக்கிவிட்டது. அதன் பிறகு அரை மணித்தியாலம் இடியப்பத்தைப் பற்றித்தான் கதைத்தோம். தாய் எந்தக் காலத்தில் பேசுகிறாரோ, நீங்களும் அந்தக் காலத்திலேயே பேசுங்கள்.

இன்னொன்று, இடம். வேப்ப மர நிழலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டால் பக்கத்து வீட்டம்மா தேத்தண்ணியோடு வந்துவிடுவார். அவரைக் கோபிக்க முடியாது. முன்கூட்டியே நேரம் கேட்டு, எங்கே இருந்தால் கதை வெளியே போகாது என்று வந்தவரிடமே கேளுங்கள். கேட்ட கதையை உங்கள் வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. மனப்பாரத்தை மேற்பார்வையாளரிடம் பெயர் சொல்லாமல் இறக்கி வையுங்கள்.

சாவைப் பற்றி ஒருவர் பேசினால் தனியாகச் சமாளிக்க நிற்காதீர்கள். “சாகவேணும் போல இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கூடவே இருந்து மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர்களுக்கு 1929. இரண்டையும் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.