வேதபாடம் எடுக்கிறவர்களுக்கு: நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம். செய்தி கொடுத்தது இருபத்திரண்டு வயதுப் பையன், முதல் தடவை. நன்றாகத்தான் தயாரித்திருந்தான். ‘தேவன் எப்படிப்பட்டவர்’ என்பது தலைப்பு. ஆதியாகமத்தில் ஒரு வசனம், சங்கீதத்தில் ஒன்று, யோபுவில் ஒன்று, ரோமரில் ஒன்று என்று பூத் தொடுப்பதுபோல் தொடுத்துக்கொண்டே போனான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் மட்டும் கேசரித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யோபுவிலிருந்து அவன் எடுத்தது, இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்து மாட்டிக்கொண்ட அதே வசனம்.

அதிகார எண்ணை மாற்றிச் சொல்வது, நேரம் தாண்டிப் பேசுவது, கைப்பேசியில் குறிப்பு தொலைந்து முழிப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வேதாகமத்தின் ஒவ்வொரு பகுதியும் தேவனை ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போடும்போது வரும் தவறுகள்தான் இங்கே.

பழையதில் கோபக்காரர், புதியதில் அன்பானவர்

என் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: “பழைய ஏற்பாட்டுல எங்க ஸ்கூல் கட்டொழுங்கு ஆசிரியர் மாதிரி அங்கிள், பிரம்போடயே நடக்கிறார். புதிய ஏற்பாட்டுல கவுன்செலர் ஆயிட்டார்.”

சிரித்துவிட்டேன். ஆனால் இது இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் சொல்லிப் பார்த்த கதை. கருங்கடல் கரையில் சினோப்பே ஊரைச் சேர்ந்த மார்சியன் இரண்டும் வேறு வேறு தேவன் என்றார். ரோம் சபை 144ஆம் ஆண்டுவாக்கில் அவரை விலக்கியது. அவர் பழைய ஏற்பாட்டை முழுக்கத் தள்ளிவிட்டு லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். அவற்றிலும் கத்தரி போட வேண்டியிருந்தது, ஏனென்றால் புரட்டுகிற பக்கமெல்லாம் பழைய ஏற்பாடு எட்டிப் பார்க்கிறது.

இதை நான் வாதம் செய்து விளக்குவதில்லை. யாத்திராகமம் 34:6ஐத் திறக்கச் சொல்வேன். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டு முடித்த கையோடு, கர்த்தர் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்கிற இடம்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர். அடுத்த வசனத்திலேயே, குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடமாட்டேன் என்கிறார். இரண்டும் ஒரே மூச்சில். இனி யோனா 4:2க்குப் போங்கள். யோனா முதல் பாதியைச் சொல்லி, ‘நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே ஓடிப்போனேன்’ என்று கோபித்துக்கொள்கிறான். நாகூம் 1:3 இரண்டாம் பாதியை அழுத்திச் சொல்கிறது. இரண்டு புத்தகமும் பேசுவது ஒரே ஊரைப் பற்றி, நினிவே. ஒரே வாக்கியத்தை எடுத்து ஒருவர் மன்னிப்பையும் ஒருவர் நியாயத்தீர்ப்பையும் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் பழைய ஏற்பாட்டிலேயே.

அப்புறம், நரகத்தைப் பற்றி அதிகம் பேசியது மோசே அல்ல, இயேசு. ‘உன்னைப்போல் பிறனையும் நேசி’ என்பது முதலில் வருவது லேவியராகமம் 19:18இல். இந்த இரண்டையும் சொன்னால் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

வசனத்தைப் பார்த்து, பேசுகிறவரைப் பார்க்காமல் விடுவது

இதை மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனை. எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தாம்பாளத்தில் குவித்து வைப்போம், ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த வருஷம் வசனங்களைத் தேர்ந்தெடுத்தது நான். அவற்றில் ஒன்று யோபு 8:7, துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது. கடை திறக்கிறவர்களும் வேலை மாறுகிறவர்களும் விரும்பி எடுக்கும் வசனம். காலண்டரில் பார்த்திருப்பீர்கள்.

அது ஓர் அக்காவின் கைக்குப் போனது. நவம்பரில்தான் அவருடைய மூத்த மகன் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்திருந்தான். இரட்டைக் கோபுரப் பக்கம் வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் பக்கத்தில் போய், “பாருங்கக்கா, ஆண்டவர் உங்களுக்குன்னே கொடுத்திருக்கார்” என்று வேறு சொன்னேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். ஒரு வசனம் கிடைத்தால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிப்பார். எனக்கு அப்போது அந்தப் பழக்கம் இல்லை. அடுத்த ஞாயிறு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நாலாவது வசனம் பாத்தீங்களா? பிள்ளைங்க பாவம் செஞ்சாங்க, அதான் அவர் விட்டுட்டாருன்னு வருது. என் பையனையா சொல்றாரு?”

நான் நாலாவது வசனத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த அதிகாரத்தில் பேசுவது கர்த்தர் அல்ல, யோபுவின் நண்பர் பில்தாத். யோபுவின் பத்துப் பிள்ளைகள் வீடு இடிந்து செத்திருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர், உன் பிள்ளைகள் தங்கள் பாவத்துக்குக் கூலி வாங்கியிருப்பார்கள், நீ மட்டும் சுத்தமாயிருந்தால் அவர் உன்னைத் தூக்கிவிடுவார் என்கிறார். அந்த ‘சுத்தமாயிருந்தால்’ என்ற நிபந்தனைக்கு அடுத்துத்தான் சம்பூரணம் வருகிறது. அட்டையில் நிபந்தனைக்கு இடம் இல்லை. புத்தகத்தின் கடைசியில், 42:7இல், கர்த்தர் இன்னொரு நண்பர் எலிப்பாசைக் கூப்பிட்டு, நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, என் தாசன் யோபுதான் பேசினான் என்கிறார். அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் பில்தாத். அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு சண்டை போட்ட யோபு சரி. தேவனுக்கு வக்கீலாக நின்றவர்கள் தப்பு.

இதை அக்காவிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப ஆண்டவரே தப்புன்னு சொன்ன ஆளோட பேச்சை எதுக்குத் தம்பி அட்டையில போட்டீங்க?”

பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

இதை வகுப்பில் சொன்னால் இரண்டு மறுப்பு வரும். முதலாவது, “கடைசியில யோபுவுக்கு எல்லாமே இரட்டிப்பா கிடைச்சதே, அப்ப வசனம் பலிச்சுதானே?” கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆனது. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். செத்தவர்கள் திரும்பி வந்ததாக ஒரு வரியும் இல்லை. பிள்ளையை அடக்கம் செய்த தாயிடம் இரட்டிப்புக் கணக்கைச் சொல்கிறவர் முதலில் இந்த எண்களை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நண்பர்கள் சொன்னது எல்லாமே பொய்யா? இல்லை. பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் எலிப்பாசின் வரி ஒன்றை எடுத்து எழுதுகிறார். பில்தாத் பேசுவதும் நீதிமொழிகளில் கேட்ட மாதிரிதான் இருக்கும். நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்று சங்கீதம் 37 சொல்கிறது. பிரசங்கி 8:14, நான் கண்டேன் என்கிறது: துன்மார்க்கனுக்கு வர வேண்டியது நீதிமானுக்கு வருகிறது. இரண்டு குரலும் வேதத்தில்தான் இருக்கின்றன. உழைக்கிறவன் சாப்பிடுவான் என்று பொதுவாகச் சொல்வது வேறு, பட்டினி கிடக்கிறவனிடம் போய் ‘நீ உழைக்கவில்லை’ என்பது வேறு. நண்பர்கள் செய்தது இரண்டாவது. நான் செய்ததும்.

38ஆம் அதிகாரம் தொடங்கிப் பெருங்காற்றிலிருந்து கர்த்தரே பேசும்போது, பாவம் தண்டனை என்ற கணக்கைத் தொடுவதே இல்லை. மனுஷர் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழையைப் பற்றிப் பேசுகிறார், வரையாடுகள் குட்டி போடும் காலத்தைப் பற்றி, தீக்குருவியை, அதாவது தீக்கோழியைப் பற்றி. யோபுவுக்கு ஏன் இப்படி நடந்தது என்று கடைசிவரை அவனுக்குச் சொல்லவில்லை. நமக்கு மட்டும், சாத்தான் அவனைச் சோதிக்க அனுமதி வாங்குகிற முதல் இரண்டு அதிகாரம் தெரியும்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. பென்சிலை எடுத்து யோபு புத்தகத்தின் ஓரத்தில் பெயர்களை எழுதிவிடுங்கள். எலிப்பாஸ்: 4, 5, 15, 22. பில்தாத்: 8, 18, 25. சோப்பார்: 11, 20. எலிகூ 32லிருந்து 37 வரை (இவரை 42:7இல் கண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை, விட்டுவிடுங்கள்). அரைமணி நேர வேலை. அப்புறம் உங்கள் சபையின் பழைய அட்டைகளைத் தேடுங்கள். 5:19 இருக்கும். ஏழாவது இக்கட்டிலும் பொல்லாப்பு தொடாது என்று எலிப்பாஸ் சொன்னது, எல்லாப் பொல்லாப்பும் ஏற்கெனவே தொட்டுவிட்ட மனுஷனிடம். 22:21, அவரோடே பழகிச் சமாதானமாயிரும் என்பதும் இருக்கும். அதே அதிகாரத்தின் முன்பகுதியில், நீ விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினவன் என்று யோபுமேல் ஆதாரமில்லாத பழி. அழகான எழுத்தில், ரோஜாப்பூப் படத்தோடு, அச்சடித்து விநியோகிக்கிறோம்.

அந்தப் பையனிடம் கூட்டம் முடிந்து எல்.ஆர்.டி. நிலையம்வரை நடக்கும்போது இதைச் சொன்னேன். “ஆனா அங்கிள், வசனம் நல்லாத்தானே இருக்கு?” என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஒரே பெருமூச்சாக்குவது

புனித வெள்ளி மூன்று மணி நேர ஆராதனை யாரையும் விட்டதில்லை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்களில் உங்களுக்கும் ஒரு வார்த்தை ஒதுக்குவார்கள். எந்தச் சுவிசேஷத்திலும் ஏழும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மத்தேயுவிலும் மாற்குவிலும் ஒன்றே ஒன்று: ஏன் என்னைக் கைவிட்டீர். லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. மாற்குவின் சிலுவையில் பிதா மௌனம். லூக்காவின் சிலுவையில் அதே பிதாவின் கையில் ஆவியை ஒப்படைக்கிறார். ‘ஏன் கைவிட்டீர்’ என்ற நாலாம் வார்த்தை கிடைத்தவர் பயந்துபோய், ஆவியை ஒப்படைக்கிற ஏழாம் வார்த்தையை முன்கூட்டியே இழுத்து வந்து ஆறுதல் சொல்லி முடிப்பார். அப்படிச் செய்தால் மாற்குவைப் பேச விடவில்லை என்று அர்த்தம். உங்கள் இருபது நிமிஷத்தில் மாற்கு மட்டும் பேசட்டும். லூக்காவுக்கு ஆள் வருவார்.

‘மனஸ்தாபப்பட்டார்’ என்பதை மழுப்புவது

1 சாமுவேல் 15ஐ வாசியுங்கள். 11ஆம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கியதற்குக் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார். 29ஆம் வசனத்தில் மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல. 35இல் மறுபடியும் மனஸ்தாபப்படுகிறார். எழுதினவருக்கு ஒரே அதிகாரத்தில் இரண்டையும் வைக்கத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அவசரப்பட்டு ஒன்றை மறைக்க வேண்டாம்.

பிடித்த உவமையை மட்டும் மாட்டி வைப்பது

மேய்ப்பன் படம் எல்லார் வீட்டு வரவேற்பறையிலும் இருக்கிறது. ஓசியா 13:8இல் கர்த்தர் தம்மை ஒப்பிடுகிற, குட்டி பறிகொடுத்த கரடியை யாரும் மாட்டுவதில்லை. அதே ஓசியா 11இல், நடை பழக்கிக் கையில் ஏந்திய பெற்றோராகவும் பேசுகிறார். ஏசாயா 66:13இல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிறார். ஓசியா எடுக்கிறவர் பதினொன்றோடு மூடிவிடாமல் பதின்மூன்றுவரை போக வேண்டும்.

வெளிப்படுத்தலிலிருந்து தொடங்குவது

வேண்டாம்.

88ஆம் சங்கீதத்துக்கு முடிவு எழுதுவது

துக்க வீட்டில் இதை வாசிக்கிறவர்கள் கடைசி வசனம் வந்ததும் பதறி 23ஆம் சங்கீதத்துக்குத் தாவிவிடுகிறார்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியாவது வரும். இதில் வராது. சிநேகிதரும் தூரமாய்ப் போய், இருளோடு நின்றுவிடுகிறது. கோராகின் புத்திரர் ஆலயத்தில் பாடின பாட்டு. போன வருஷம் அக்கா தன் மகனின் நினைவு ஜெபத்தில் இதைத்தான் வாசிக்கச் சொன்னார். 18ஆம் வசனத்தோடு நிறுத்தினேன், எனக்குக் கை பரபரத்தாலும்.